குழந்தைக்கு எலும்புப் பிரச்சினை: குழந்தை மருத்துவரா, எலும்பு மருத்துவரா, குழந்தை எலும்பு மருத்துவரா?

கீழே விழுந்த பிள்ளை ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தூக்க மறுக்கிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கால்கள் வெளிப்பக்கம் வளைந்திருக்கின்றன. பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு தோள்பட்டை மற்றதைவிட உயர்ந்து தெரிகிறது. மூன்றுக்கும் 'எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்' என்றுதான் சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். எந்த எலும்பு டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை.

பெற்றோர் முன்னால் பொதுவாக ஐந்து வழிகள் இருக்கின்றன. தடுப்பூசி போடும் குழந்தை மருத்துவர் ஒருவர். எல்லா வயதினரையும் பார்க்கும் பொது எலும்பு மருத்துவர் இன்னொருவர். குழந்தைகளின் எலும்பு, மூட்டு, தசைகளை மட்டுமே பார்க்கும் குழந்தை எலும்பு மருத்துவர் மூன்றாமவர். இவர் பெரும்பாலும் தொலைவில் இருப்பார். அப்புறம் பல துறையினர் சேர்ந்து இயங்கும் பெரிய குழந்தைகள் மருத்துவமனை, நேரடியாகப் போய்ச் சேரக்கூடிய பிசியோதெரபிஸ்ட்.

நிபுணரிடமே நேராகப் போய்விட்டால் ஆயிற்றே என்று தோன்றும். சில நோய்களில் அது சரி. சிலவற்றில் தேவையில்லாத எக்ஸ்ரேவும் அலைச்சலும்தான் மிச்சம். வேறு சிலவற்றில், நிபுணரைத் தேடிப் போகிற அந்த நேரமே ஆபத்து. யார் பெரிய டாக்டர் என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு வந்துவிடும்: இந்தப் பிரச்சினையில் நாள் போகப் போக நல்லதா, கெட்டதா? வளர்ச்சி சில கோளாறுகளைத் தானே சரிசெய்யும். சிலவற்றை மாதத்துக்கு மாதம் மோசமாக்கும். இன்னும் சிலவற்றில் மணிக்கணக்கு.

வளரும் எலும்பு ஏன் வேறு

நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய அடுக்கு இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பார்கள். எலும்பு நீள்வது இங்கிருந்துதான். பெண்களுக்கு ஏறக்குறைய 14 வயதிலும் ஆண்களுக்கு 16 வயதிலும் பெரும்பாலான தட்டுகள் மூடி முழு எலும்பாகிவிடும். அதுவரை எக்ஸ்ரேயில் இது கறுப்புக் கோடாகத் தெரியும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது முறிவு போலவே தோன்றலாம்; நிஜமான முறிவு அதற்குள் ஒளிந்தும் இருக்கலாம். சந்தேகமான இடங்களில் சில டாக்டர்கள் அடிபடாத பக்கத்தையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

எல்லாத் தட்டுகளும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. மேற்கை எலும்பின் நீள்வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் முனையில் நடக்கிறது. முழங்கை முனையில் 20 சதவீதம்தான். முன்கையில் கதை வேறு: அங்கே வளர்ச்சியில் பெரும்பங்கு மணிக்கட்டுப் பக்கம். காலில் முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள தட்டுகள் மிகச் சுறுசுறுப்பானவை. தொடை எலும்பின் கீழ்முனை மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. சேர்க்கிறது.

இந்தக் கணக்குக்கும் டாக்டரைத் தேர்ந்தெடுப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வேகமாக வளரும் முனைக்கு அருகில் எலும்பு சற்றுக் கோணலாகக் கூடினாலும், சின்ன வயதாக இருந்தால் வளர்ச்சி அதை நிமிர்த்திவிடும். தோளுக்கு அருகிலும் மணிக்கட்டுக்கு அருகிலும் கொஞ்சம் கோணலைத் தாங்கிக்கொள்ளலாம். முழங்கைக்கு அருகில் அந்தச் சலுகை கிடையாது. முறுக்கிக்கொண்டு கூடிய எலும்பையும் வளர்ச்சி நம்பகமாகச் சரிசெய்வதில்லை. ஒரே கையில், இடம் மாறினால் பொறுமையின் அளவும் மாறுகிறது. எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று தெரிவதுதான் குழந்தை எலும்பு மருத்துவரின் தனித்திறமை என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தியைத் தொடாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும்.

முறிவு: பக்கத்து டாக்டர் எங்கே போதும்

முதலில் நல்ல செய்தி. குழந்தைகளின் முறிவுகளில் பெரும்பகுதி எளிமையானவை. மணிக்கட்டுக்கு அருகில் எலும்பு உடையாமல் சற்று நசுங்கிப் புடைக்கும் வகை ஒன்று உண்டு. இதற்கு முழு மாவுக்கட்டே தேவையில்லை. பிரிட்டனில் 4 முதல் 15 வயது வரையான 965 பிள்ளைகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2022ல் வெளியானது: மென்மையான கட்டுத்துணி போட்டவர்களுக்கும் கெட்டியான கட்டுப் போட்டவர்களுக்கும் மூன்றாம் நாளில் வலியில் வித்தியாசம் இல்லை. இதைப் பார்க்க யாரும் ஊர் விட்டு ஊர் போக வேண்டாம். கழுத்துக்குக் கீழே தோள்வரை ஓடும் காறை எலும்பு முறிவும் அப்படித்தான். கழுத்தில் மாட்டிய துணியில் கையைத் தாங்கி வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்குத் தானே கூடிவிடும். கூடிய இடத்தில் சில மாதங்களுக்கு ஒரு புடைப்பு தெரியும், பயப்பட வேண்டாம்.

ஒன்று முதல் நான்கு வயதுக்குள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்த பிறகு பிள்ளை கையை அசைக்காமல் வைத்துக்கொண்டால், முழங்கையில் ஆர எலும்பின் (முன்கை எலும்புகள் இரண்டில் ஒன்று) தலை தன் வளையத்திலிருந்து சற்று நழுவியிருக்கும். தெரிந்த கைக்குச் சில நொடி வேலை. அவசரப் பிரிவில் இருக்கும் எந்த அனுபவசாலியும் செய்வார். ஆனால் விழுந்து அடிபட்ட கையையோ வீங்கிய கையையோ இது போல நினைத்து யாரும் திருகிப் பார்க்கக் கூடாது.

சரி, எங்கே போதாது? முழங்கையில்தான் முதலில் நிற்க வேண்டும். நீட்டிய கையை ஊன்றி விழும் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகவும் சகஜம், குறிப்பாக 5 முதல் 7 வயதில். அந்த இடத்தில் கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் நரம்புகளும் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. முறிந்த முனை அவற்றை அழுத்தலாம். பிள்ளையிடம் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டிவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லி டாக்டர் பார்ப்பது விளையாட்டுக்காக அல்ல, ஒரு நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். எலும்பு விலகியிருந்தால் மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் திறக்காமலேயே இடத்தில் வைத்து, தோல் வழியாக மெல்லிய கம்பிகளைச் செருகுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் கம்பியை உருவிவிடலாம்.

இதைப் பொது எலும்பு மருத்துவர் செய்யலாமா? அடிக்கடி செய்பவர் என்றால் தாராளமாக. எத்தனையோ இடங்களில் அவர்கள்தான் நன்றாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். எப்போதாவது ஒன்று செய்பவரைவிட, ஒரு பகல் பயணத்தில் இருக்கும் குழந்தை நிபுணர் மேல். ஆனால் கை வெளுத்து, சில்லிட்டு, நாடி தெரியாமல் இருந்தால் ஒப்பீடெல்லாம் கிடையாது. மயக்க மருந்தும் ஆபரேஷன் வசதியும் உள்ள மிக அருகிலிருக்கும் மருத்துவமனைதான். வீட்டில் கட்டை வைத்து இறுக்கக் கட்டுவது இந்த நிலையில் கையையே பறித்துவிடும். இரத்தம் போகாமல் முன்கைத் தசைகள் செத்து, விரல்கள் மடங்கியபடி இறுகிப் போவதை அப்புறம் எந்த நிபுணராலும் முழுக்கத் திருப்ப முடியாது.

முழங்கையின் வெளிப்பக்கக் குமிழ் முறிவது இன்னொரு வகை. இது ஏமாற்றுக்காரன். அந்த முனையில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயில் ஒரு சிறு துண்டு மட்டும் தெரியும். சின்ன முறிவு என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். உள்ளே துண்டு நகர்ந்து, கூடாமலே நின்றுவிடலாம். வருடங்கள் கழித்து முழங்கை வெளிப்பக்கம் வளைந்து, சுண்டுவிரல் பக்கம் மரத்துப் போகத் தொடங்கும். முழங்கை எக்ஸ்ரேயில் 'சின்னதாக ஏதோ' என்று சொன்னால், அந்தப் படத்தைக் குழந்தை எலும்பு மருத்துவர் ஒருவர் முதல் சில நாட்களுக்குள் பார்ப்பது நல்லது.

வளர்ச்சித் தட்டின் ஊடாகப் போகும் முறிவுகளை 1963ல் சால்டர், ஹாரிஸ் என்ற இருவர் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் அதுதான் நடைமுறை. முதல் இரண்டு வகைகள் பெரும்பாலும் சாதுவானவை. மூன்றாவதும் நான்காவதும் மூட்டின் பரப்பையே பிளப்பவை, துல்லியமாகச் சேர்க்க வேண்டும். ஐந்தாவதில் தட்டு நசுங்கிவிடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் கீழ்த் தட்டில் முறிவு என்றால் எந்த வகையானாலும் நிபுணர் கண்காணிப்பு வேண்டும் என்பேன். அங்கே வளர்ச்சி நின்றுபோகும் வாய்ப்பு அதிகம், நின்றால் இழப்பும் அதிகம். எலும்பு கூடிவிட்டது என்று ஆறாவது வாரத்தில் கணக்கை மூடிவிடாமல் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் படமெடுத்துப் பார்ப்பவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடை எலும்பு முறிவில் வயதுதான் சிகிச்சையை முடிவு செய்கிறது. மழலை வயதில் இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. பள்ளி வயதில் எலும்புக்குள் வளையக்கூடிய மெல்லிய கம்பிகள். பெரியவர்களுக்குப் போடும் கெட்டியான கம்பியை, தொடை எலும்பின் மேல்முனைக் குழி வழியாக வளரும் பிள்ளைக்குச் செருகினால் இடுப்பு மூட்டுப் பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் கெடலாம். பெரியவர்களுக்குச் சரியான ஒரு முறையே பிள்ளைக்கு ஆபத்தாகும் தெளிவான உதாரணம் இது. இன்னொரு வேடிக்கை: 2 முதல் 10 வயதுக்குள் தொடை எலும்பு முறிந்தால் அந்தக் கால் கொஞ்சம் அதிகமாகவே வளரும், பெரும்பாலும் ஒரு செ.மீ. அளவுக்கு. அதனால் மாவுக்கட்டில் எலும்பு முனைகள் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் டாக்டர் அமைதியாக இருப்பார். எக்ஸ்ரேயைப் பார்த்துப் பதறுவது நாம்தான்.

எந்த டாக்டர் கட்டுப்போட்டாலும் வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கட்டுப்போட்ட பிறகு வலி இறங்க வேண்டும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், மருந்துக்கு அடங்காமல் பிள்ளை துடித்தால், விரலை மெல்ல நீட்டினாலே அலறினால், நடு இரவானாலும் திரும்பிப் போங்கள். 'காலையில் பார்ப்போம்' என்பது இங்கே தவறான முடிவு.

மணிக்கணக்கில் ஓடும் கடிகாரம்

காய்ச்சல், ஒரு மூட்டில் வலி, காலை ஊன்ற மறுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். சீழ், குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே அரித்துவிடும். இடுப்பு மூட்டில் அழுத்தம் ஏறினால் இரத்த ஓட்டமும் கெடும். ஆனால் இதே போல நொண்ட வைக்கும் சாதுவான நிலை ஒன்றும் உண்டு: சளி, காய்ச்சல் வந்து போன பிறகு இடுப்பு மூட்டில் தற்காலிகமாக நீர் கோத்துக்கொள்வது. 3 முதல் 8 வயதில் அதிகம். ஓய்வும் வலி மாத்திரையும் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும்.

இரண்டையும் பிரித்தறிய 1999ல் ஒரு குழு நான்கு குறிகளை முன்வைத்தது: 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்ற முடியாமை, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அளவு 40க்கு மேல், வெள்ளணுக்கள் 12,000க்கு மேல். எத்தனை குறிகள் சேர்கின்றனவோ அத்தனை சந்தேகம். இங்கே குழந்தை எலும்பு நிபுணர் யார் என்று தேடுவதைவிட, இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், மயக்க மருந்து, ஆபரேஷன் அறை நான்கும் இரவிலும் கிடைக்கும் இடம் எது என்று பார்ப்பது புத்திசாலித்தனம். மூட்டைத் திறந்து கழுவுவது பொது எலும்பு மருத்துவருக்கும் தெரிந்த வேலை. பெரிய மருத்துவமனைக்கு இங்கே முதலிடம், தனி கிளினிக் எவ்வளவு பேர்பெற்றதானாலும் கடைசி இடம்.

இதே வரிசையில் இன்னொன்று, ஆனால் காய்ச்சல் இல்லாமல் வரும். 10 முதல் 16 வயதுக்குள், பெரும்பாலும் எடை கூடிய பிள்ளைகளுக்கு, இடுப்பு மூட்டின் பந்து வளர்ச்சித் தட்டின் வழியாகச் சறுக்கத் தொடங்கும். பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும். முழங்காலை எக்ஸ்ரே எடுப்பார்கள், சுத்தமாக இருக்கும், தைலம் எழுதி அனுப்புவார்கள். இடுப்பிலிருந்து வரும் வலி முழங்காலில் தெரிவது மருத்துவத்தில் பழைய பாடம்; இருந்தும் வாரக்கணக்கில் தவறவிடப்படுகிறது. வளரிளம் பிள்ளை நொண்டிக்கொண்டு முழங்கால் வலி என்றால் 'இடுப்புக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கலாமா?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சறுக்கல் உறுதியானால் அதற்கப்புறம் நடக்கவே விடக்கூடாது. சக்கர நாற்காலியில் வைத்து, குழந்தை எலும்பு மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அன்றே. ஒரே ஒரு திருகாணி போட்டு நிறுத்தக்கூடியது, விட்டால் மூட்டையே இழக்கும் அளவுக்குப் போகலாம்.

பிறந்த குழந்தை: இங்கே நிபுணர்தான்

பிறவியிலேயே பாதம் உள்பக்கம் திரும்பிக் கீழ்நோக்கி மடிந்திருக்கும் வளைபாதம், ஏறக்குறைய ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. ஒரு காலத்தில் பெரிய ஆபரேஷன்தான் வழி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி (1914–2009) அதை மாற்றினார். வாரம் ஒருமுறை மெல்ல நீவி மாவுக்கட்டு, ஐந்து முதல் ஏழு கட்டுகள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டு. அப்புறம் கம்பியில் இணைத்த காலணிகள், முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4, 5 வயது வரை தூங்கும்போது மட்டும்.

இந்த முறையில் 'யார்' என்பதைவிட 'கற்றவரா' என்பது முக்கியம். மலாவியில் அறுவை மருத்துவர்கள் அல்லாத பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்களே இந்தக் கட்டுகளைப் போட்டு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகள் நடத்தும் கிளினிக்குகள் உண்டு. கற்காத பெரிய சர்ஜனைவிடக் கற்ற பிசியோதெரபிஸ்ட் நல்லவர். ஒவ்வொரு வாரமும் போக வேண்டியிருப்பதால் தூரமும் கணக்கில் வரும்: நடுவில் நின்றுபோகும் புகழ்பெற்ற சிகிச்சையைவிட, முடிவு வரை போகக்கூடிய பக்கத்துச் சிகிச்சை மேல். பாதம் மறுபடி திரும்புவதற்கு முதன்மைக் காரணம் காலணியை நிறுத்திவிடுவதுதான். பாதம் நேராகிவிட்டதே, பிள்ளை அழுகிறதே என்று மனம் இளகும் அந்த மாதங்களில் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லும் டாக்டர் வேண்டும்.

இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் பிறப்பது இன்னும் நுட்பமானது. வலிக்காது, வெளியே தெரியாது. பெண் குழந்தை, கால் அல்லது பிட்டம் முதலில் வந்த பிரசவம், குடும்பத்தில் யாருக்காவது இருந்தது என்றால் சந்தேகம் கூடுதல். இதைக் கண்டுபிடிப்பதில் குழந்தை மருத்துவரை மிஞ்ச ஆளில்லை, பிறந்த நாளிலிருந்து தொடையை விரித்துப் பார்ப்பவர் அவர்தான். குணப்படுத்துவதில் நிபுணர். முதல் நான்கைந்து மாதங்களுக்கு அல்ட்ராசவுண்ட்தான் சரியான படம். எலும்பு போதிய அளவு உருவாகாத அந்த வயதில் எக்ஸ்ரே அதிகம் சொல்லாது. ஆறு மாதத்துக்குள் பிடித்தால் பாவ்லிக் என்ற மென்பட்டை வார் போதும், கால்களை மடக்கி விரித்த நிலையில் வைத்திருக்கும். ஆறு மாதம் தாண்டினால் பெரும்பாலும் மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே வைத்து இடுப்புக் கட்டு. ஒன்றரை வயதைத் தாண்டினால் பெரும்பாலும் திறந்த ஆபரேஷன், எலும்பை வெட்டித் திருப்புவதும் சேரலாம். ஒவ்வொரு கட்டத்திலும் விலை ஏறுகிறது, பணத்தைச் சொல்லவில்லை. குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுக்கச் சுற்றுவதை விட்டுவிடுவது இதற்கு எல்லா வீட்டிலும் செய்யக்கூடிய உதவி.

கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடி பிறக்கும் குழந்தைக்கு மட்டும், இடுப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் விட்டுவிடலாம். முதல் வருடத்துக்குள் பயிற்சி தொடங்கினால் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை.

காத்திருந்தால் போதும் என்கிற பட்டியல்

இரண்டு வயது வரை கால்கள் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். மூன்று, நான்கு வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும். ஏழு வயதுக்குள் பெரியவர்களின் வடிவத்துக்கு வந்துவிடும். தட்டைப்பாதம் சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பு. நுனிக்காலில் நின்றால் உள்வளைவு தெரிகிறதா, வலி இல்லையா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். பாதங்களை உள்பக்கம் திருப்பி நடப்பது எட்டு, பத்து வயதுக்குள் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இவற்றுக்கு விசேஷக் காலணி, செருப்புக்குள் வைக்கும் மெத்தை, கம்பிப் பூட்டு எதுவும் வளர்ச்சியின் போக்கை மாற்றுவதில்லை. இருந்தும் விற்கப்படுகின்றன. இங்கே என் ஓட்டு குழந்தை மருத்துவருக்கே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்துக் காட்டினால் போதும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால், மூன்று வயதுக்கு மேலும் வெளிப்பக்க வளைவு கூடிக்கொண்டே போனால், வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டால், தட்டைப்பாதம் இறுகி வலித்தால் அப்போது நிபுணர். அதற்கு முன்பே வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பேட் பார்த்துவிடுவது குழந்தை மருத்துவர் வேலை; எலும்பு மென்மையாகிப் போகும் ரிக்கெட்ஸ் என்றால் மருந்திலேயே கால் நிமிரத் தொடங்கும். அது தெரியாமல் எலும்பை வெட்டி நிமிர்த்தினால் திரும்ப வளையும்.

இரவில் இரண்டு கால்களும் வலிக்கிறது என்று அழுது, காலையில் எதுவும் நடக்காதது போல ஓடும் பிள்ளைக்கு வளர்ச்சி வலியாக இருக்கலாம். ஒரே இடத்தில், ஒரே காலில் வலி, பகலிலும் நொண்டல், காய்ச்சல், எடைக் குறைவு, வெளிறிப்போவது என்றால் அந்தப் பெயரைச் சொல்லிச் சமாதானம் ஆகக் கூடாது. இரத்தப் புற்றுநோய் சில சமயம் எலும்பு வலியாகத்தான் முதலில் தலைகாட்டும்.

எலும்பு போலத் தெரியும், எலும்பு அல்ல

காலையில் எழுந்ததும் மூட்டு இறுகி, பகலில் இளகி, ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் நீடித்தால் அது சிறார் மூட்டழற்சியாக இருக்கலாம். போக வேண்டியது குழந்தை மூட்டழற்சி மருத்துவரிடம். கண்ணுக்குள் வலியே இல்லாமல் அழற்சி வரக்கூடியது என்பதால் கண் மருத்துவரும் தவறாமல் பார்க்க வேண்டும். தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளையே கையால் ஊன்றி ஏறும் சிறுவன், கெண்டைக்கால் மட்டும் பருத்தவன், மாடி ஏறத் திணறுபவன்: இது தசை நோயின் சாடை. குழந்தை நரம்பியல் மருத்துவரும், தசை சிதைவதைக் காட்டும் சிகே என்ற எளிய இரத்தப் பரிசோதனையும் முதலில். எலும்பு மருத்துவர் பின்னால் வருவார்.

இங்கேதான் குழந்தை மருத்துவரைத் தாண்டிப் போவதன் நஷ்டம் தெரியும். எலும்பு மருத்துவர் எலும்பைத் தேடுவார், அது அவர் தொழில். முழுப் பிள்ளையையும் பார்க்கப் பழகியவர் முதலில் பார்த்தால் இந்தக் கிளைகள் சீக்கிரம் பிரியும்.

வருடக்கணக்கில் நீளும் சிகிச்சை

மூளை வாதம் (செரிபிரல் பால்சி) உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும். வலி வரும்போது தெரிந்துகொண்டால் தாமதம். ஸ்வீடனில் 1994ல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டத்தில், வலிக்காகக் காத்திராமல் குறித்த இடைவெளிகளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு முழுக்க நழுவுவது பெருமளவு குறைந்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தனி ஒரு டாக்டர், எவ்வளவு கெட்டிக்காரரானாலும், போதமாட்டார். நரம்பியல், பிசியோதெரபி, உபகரணம் செய்பவர், எலும்பு மருத்துவர் எல்லோரும் ஒரே கோப்பைப் பார்க்கும் இடம் வேண்டும். வருடாவருடம் ஒரு தசைநாணை வெட்டி நீட்டுவதைவிட, நடையை முழுதாக ஆராய்ந்து தேவையானவற்றை ஒரே ஆபரேஷனில் செய்வதுதான் இப்போதைய வழக்கம். தினசரிப் பயிற்சிக்கு மட்டும் வீட்டுக்கு அருகிலுள்ள பிசியோதெரபிஸ்ட்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதில் கோணம்தான் பேசும். 25 டிகிரிக்குக் கீழே என்றால் வளர்ச்சி முடியும் வரை கண்காணிப்பு. 25 முதல் 45 வரை, வளர்ச்சி இன்னும் பாக்கி இருந்தால், வளைவு கூடாமல் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் பெல்ட். 45, 50ஐத் தாண்டினால் ஆபரேஷன் பேச்சு. பெல்ட் உண்மையில் உதவுமா என்ற பழைய சண்டைக்கு 2013ல் ஓர் ஆய்வு விடை சொன்னது: பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை, சும்மா கண்காணித்தவர்களில் 48 சதவீதம். அதிலும் நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். ஆகவே இங்கே நிபுணருக்குச் சமமாக முக்கியம் பெல்ட்டை உடம்புக்கேற்பச் செய்து, உறுத்தும் இடத்தைத் திருத்தித் தருபவர். பொருந்தாத பெல்ட் அலமாரியில்தான் இருக்கும். பயிற்சி மட்டும் செய்து பெரிய வளைவை நிமிர்த்தித் தருவேன் என்பவரிடம் மாதங்களை இழக்காதீர்கள். வேகமாக வளரும் அந்த ஒன்றிரண்டு வருடம் திரும்ப வராது.

தூரத்தை என்ன செய்வது

நிபுணர் தொலைவில் என்றால் எல்லாவற்றுக்கும் அங்கேயே போக வேண்டியதில்லை. நோயைத் தீர்மானிப்பதும், ஆபரேஷனும், வருடாந்தரப் பார்வையும் அவரிடம். கட்டு மாற்றுவதும் எக்ஸ்ரே எடுப்பதும் பக்கத்து டாக்டரிடம். இருவரும் பேசிக்கொள்வார்கள் என்றால் இதுவே பல குடும்பங்களுக்கு நல்ல ஏற்பாடு. அறிக்கைத்தாளை மட்டும் வாங்கி வைக்காமல் படங்களையே வாங்கி வையுங்கள். படத்தைப் பார்க்காமல் எந்த நல்ல டாக்டரும் கருத்துச் சொல்லமாட்டார்.

திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதே ஆபரேஷனை இந்த வயதில் அடிக்கடி செய்கிறீர்களா? ஆறு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கைக்குழந்தை விஷயத்தில் அது சர்ஜனைத் தேர்ந்தெடுப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வேறொருவரிடமும் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

16, 18 வயதில் இந்த ஒப்பீடு தலைகீழாகும். தட்டுகள் மூடிய பிறகு பொது எலும்பு மருத்துவர்தான் பொருத்தமானவர். குழந்தைப் பருவத்தில் இடுப்பு மூட்டுக்கோ முதுகுக்கோ சிகிச்சை பெற்றவர்களைப் பல இடங்களில் யாரும் முறையாகக் கைமாற்றி விடுவதில்லை. கடைசிச் சந்திப்பில் என்ன செய்யப்பட்டது, உள்ளே என்ன உலோகம் இருக்கிறது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அதை அம்மா அப்பா கோப்பில் வைக்காமல் அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.